மேல்பூச்சுக்கு அடியில் ஒரு படகு

திண்டுக்கல்லில் கடல் இல்லை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே நாலைந்து மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். ஆனால் ஒரு மலிவான பொருளை எடுத்து, வெளிப் பளபளப்பைத் தள்ளிவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற கண் இந்த ஊருக்குத் தொழிலோடு வந்தது. நாகல் நகர்ப் பட்டறைகளுக்குப் பூட்டு வாங்க வந்தவர்கள் முதலில் அதைக் கையில் ஏந்தி எடை பார்ப்பார்கள். காதருகே வைத்து ஆட்டுவார்கள். சாவியைத் திருப்பும்போது ஒவ்வொரு லீவரும் ஏறி இறங்குவது விரலுக்குத் தெரிந்தாக வேண்டும். அரத்தால் ராவிய பித்தளை லீவரும் அச்சில் அடித்த தகரமும் மூடிய பிறகு வெளியே ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் எடையிலும் ஒலியிலும்தான். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு வெகு காலம் முன்பே வெளியூர் மெஷின் பூட்டுகள் மலிவு விலையில் வந்து கடைகளை நிறைத்துவிட்டன. இன்று பூட்டு வாங்குகிறவர் ஆட்டிப் பார்ப்பதில்லை. அட்டையைப் பார்த்து எடுத்துப் போகிறார்.

பூட்டு ஏமாற்றினால் பொருள் போகும். படகு ஏமாற்றினால் உயிர் போகும். பூட்டுக்கு நேர்ந்த இதே மாற்றம் தமிழ்நாட்டின் சின்னப் படகுகளுக்கும் நேர்ந்திருக்கிறது. வாங்குகிறவன் கையில் இருந்த சோதனை அவன் கையை விட்டுப் போய்விட்டது. அதை அவனுக்குத் திருப்பிக் கொடுக்க முடியும் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

கடல் இல்லாத சமவெளியிலும் படகு உண்டு. தமிழ்நாட்டின் அணைகளிலும் பெரிய கண்மாய்களிலும் வலை போடுகிறவர்களின் படகு பரிசல். பழைய பரிசல் மூங்கில் பிளாச்சில் பின்னிய வட்டக் கூடை, அதன்மேல் மாட்டுத் தோல். பிறகு தோல் போய், தார் பூசிய சாக்கும் பிளாஸ்டிக் தாளும் வந்தன. வாங்குகிறவன் பின்னலை விரலால் தடவிப் பார்த்தான். மூங்கில் இளசா முற்றலா என்று வளைத்துப் பார்த்தான். ஓட்டை விழுந்தால் அதே கரையில் உட்கார்ந்து தார் காய்ச்சி அடைத்தான். இப்போது ஃபைபர் பரிசல்கள் வந்திருக்கின்றன. அவை மட்குவதில்லை, வருடா வருடம் தோலோ தாளோ மாற்ற வேண்டியதில்லை. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அந்தச் சுவருக்குள் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வாங்குகிறவருக்கு வழி இல்லை. பரிசலில் சின்னதாகத் தெரிகிற இந்த மாற்றம் கடற்கரையில் எப்படி நடந்தது என்று பார்த்தால்தான் அதன் முழு அளவு புரியும்.

ஏழை மீனவனின் பாய்ப்படகு கட்டுமரம். இலகுவான மரத்துண்டுகளைச் செதுக்கி, முன்முனையான அணியம் மேல்நோக்கி எழும்படி வளைவு கொடுத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டியது. ஒரே ஒரு பாய். காலையில் கரைக்காற்றில் வெளியே போய், பிற்பகல் கடற்காற்றில் திரும்பி வருவார்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு காற்றுக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரைக் கொண்டே அன்றைய நாளைத் தீர்மானித்தார்கள். அதில் மூழ்குவதற்கு எதுவும் இல்லை. அலை மேலே ஏறும், இடுக்கு வழியாக வழிந்து போகும். தண்ணீர் இறைக்க வேண்டாம். கவிழ்ந்தாலும் மரம் மிதக்கும், அதைப் பிடித்துக்கொண்டு ஆளும் மிதப்பான்.

தரம் பார்ப்பதும் அதே அளவுக்கு வெளிப்படை. மரத்தில் வெடிப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியும். புழு துளைத்திருந்தால் துளை தெரியும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காய வைப்பார்கள். ஊறிய மரம் மறுநாள் தாழ மிதக்கும் என்பதால் அது அன்றாடக் கடமை. அப்படி அவிழ்த்துக் கட்டுகிற ஒவ்வொரு முறையும் படகு முழுதாகச் சோதிக்கப்பட்டுவிடும். தோளில் தூக்குகிறவனுக்கே மரம் எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்று தெரியும். சோதனைக்கென்று தனி நாள், தனி ஆள், தனிச் சான்று எதுவும் தேவைப்படவில்லை.

கட்டுமரத்தைப் புகழ்ந்துவிட்டு அதோடு நிறுத்துவது நியாயமல்ல. அதில் போனவன் நாள் முழுதும் இடுப்புவரை நனைந்தபடி உட்கார்ந்திருந்தான். வெகுதூரம் போக முடியாது, அதிக மீன் ஏற்ற முடியாது, வெயிலுக்கும் மழைக்கும் மறைப்பு கிடையாது. நல்ல மரம் கிடைப்பது வர வர அரிதாகி விலையும் ஏறியது. அதைவிட்டு வெளியே வர மீனவர்கள் விரும்பியதில் எந்தத் தவறும் இல்லை.

பலகையால் கட்டிய வள்ளத்திலும் தோணியிலும் கொஞ்சம் கூடுதல் நுணுக்கம் இருந்தது. அடியில் ஓடும் ஏரா நேராக இருக்கிறதா, விலா எலும்புபோல நிற்கும் வங்குகள் ஏராவோடு சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா, பலகைச் சந்துகளில் கலப்பத்து ஒழுங்காக அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவை எல்லாம் படகின் உள்ளே குனிந்தால் தெரிகிற விஷயங்கள். மெட்ராஸில் துறைமுகம் கட்டுவதற்கு முன் கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்த மசுலா படகில் ஆணியே கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடிக்கும்போது அது உடையாமல் நெளிந்து கொடுக்கும். மலிவான கட்டுமானத்துக்கும் மட்டமான கட்டுமானத்துக்கும் உள்ள தூரத்தை அறிய அந்தப் படகு ஒன்றே போதும்.

மரப் படகு தன் குறையைத் தானே காட்டும் என்பதற்கு உலகறிந்த சாட்சியும் இந்தியாவிலேயே உருவானது. வணிகக் கப்பல் அதிகாரியாக இருந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1960-களின் முதல் பாதியில் பம்பாயில் தேக்கு மரத்தில் ஒரு பாய்ப்படகு கட்டுவித்தார். நீளம் 32 அடி. பெயர் சுஹைலி. வடிவம் அப்போதே பழசு, வேகமும் குறைவு. 1968-ல் தனி ஆளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் போட்டி நடந்தபோது ஒன்பது பேர் கிளம்பினார்கள். ஓட்டத்தை முடித்தது சுஹைலி மட்டும்தான். 312 நாட்கள் கழித்து 1969 ஏப்ரல் 22 அன்று கரை சேர்ந்தது. வழியில் அடிப்பலகைச் சந்தில் கசிவு வந்தது. அவர் நடுக்கடலில் தண்ணீருக்குள் இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சந்தில் பஞ்சைத் திணித்து, மேலே கித்தானையும் செப்புத் தகட்டையும் வைத்து அடித்தார். கோளாறு எங்கே என்று படகு காட்டிக்கொடுத்தது, கையிலிருந்த சாமானில் சரி செய்யவும் முடிந்தது. பம்பாய்த் தச்சர்களின் வேலை அப்படிப்பட்டது.

இனி ஃபைபர் கதைக்கு வருவோம். அது ஒரே நாளில் வரவில்லை. 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் தொடங்கியது. அலை உடைகிற மணல் கரையில் இறங்கி ஏறக்கூடிய சின்னப் படகுகளை வடிவமைப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. 1980-களின் தொடக்கத்தில் குமரி மாவட்டம் முட்டத்தில் பியர் ஜில்லே என்ற பெல்ஜியப் பொறியாளர் உள்ளூர் மீனவர்களோடு சேர்ந்து கடல் பிளைவுட்டில் படகு கட்டினார். பலகைகளைக் கம்பியால் தைத்து, பசையும் கண்ணாடி இழை நாடாவும் வைத்து ஒட்டுகிற முறை அது. கட்டியதை மீனவர்கள் கடலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, குறை சொல்ல, வடிவத்தை மாற்றி மறுபடியும் கட்டினார்கள். கட்டுகிறவனும் ஓட்டுகிறவனும் ஒரே கரையில் நின்று பேசிய கடைசிக் கட்டங்களில் ஒன்று என்று அதை நான் மதிக்கிறேன். தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பு பின்னால் அந்த வகைப் படகுகளைப் பரவலாக்கியது.

பிறகு 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலையில் கட்டுமரங்களும் வள்ளங்களும் ஆயிரக்கணக்கில் அழிந்தன. உதவிப் பணம் குவிந்தது. சீக்கிரமாகக் கொடுக்கக்கூடிய படகு ஃபைபர் படகுதான். ஓர் அச்சு இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக வார்க்கலாம். கரையோரம் திடீரென்று பட்டறைகள் முளைத்தன. அனுபவமுள்ளவர்களும் கட்டினார்கள், அதுவரை கூரைத் தகடும் தண்ணீர்த் தொட்டியும் வார்த்தவர்களும் கட்டினார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் சில ஊர்களில் தேவைக்கு மேலேயே படகுகள் வந்து சேர்ந்தன. கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் தமிழ்க் கடற்கரையில் அதற்கு முன் இந்த அளவுக்கு நடக்காத ஒன்று அப்போது நடந்தது. படகை வாங்கியவர் ஒருவர், அதில் கடலுக்குப் போனவர் இன்னொருவர். விலை பேசிய கை வேறு, அலையில் துடுப்புப் பிடித்த கை வேறு. தரம் நழுவிய இடம் இதுதான் என்பது என் முடிவு. ஃபைபர் என்ற பொருளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒழுங்காக வார்த்த ஃபைபர் படகு இருபது வருடம் தாண்டியும் உழைக்கும்.

திண்டுக்கல் பக்கத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறவர்கள் உண்டு. கோயிலுக்குப் போன கையோடு அந்தக் கடற்கரையில் நடந்தால், மணலில் ஏற்றி வைத்த ஃபைபர் படகுகள் நீலமும் பச்சையுமாக வரிசையாக நிற்கும். அப்படி ஒரு படகின் நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"ஐயா, இது நல்ல போட்டா?"

"வாங்கி நாலு வருசமாச்சு தம்பி. இன்னும் ஒடயல. அதனால நல்ல போட்டுன்னு சொல்றோம்."

"வாங்கும்போது எப்படிப் பார்த்து வாங்குனீங்க?"

"என்னத்தப் பாக்குறது? மரம்னா தட்டுனா அதுவே சொல்லிரும். இதுல பெயிண்டுதான தெரியுது."

அவர் சொன்னது அப்படியே உண்மை. ஃபைபர் படகை வெளியிலிருந்து உள்நோக்கிக் கட்டுகிறார்கள். அச்சுக்கு மெழுகு தேய்த்து, முதலில் ஜெல்கோட் என்ற நிறப்பூச்சை அடிப்பார்கள். அது காய்ந்தால் அரை மில்லிமீட்டர் இருக்கும். அதன்மேல் கண்ணாடி இழை மேட், ரெசின் என்ற பிசின், மறுபடி மேட், நெசவுத் துணி போன்ற ரோவிங் என்று அடுக்கு அடுக்காகப் போட்டு, உருளையால் உருட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். அச்சிலிருந்து எடுக்கும்போது நம் கண்ணில் படுவது அந்த அரை மில்லிமீட்டர் மட்டும்தான். நல்ல படகுக்கும் மட்டமான படகுக்கும் அது ஒரே மாதிரி மின்னும்.

எங்கே குறைப்பார்கள்? ஓர் அடுக்கு மேட்டைக் குறைக்கலாம். ரெசினில் சுண்ணாம்புத் தூள் கலந்து பருமனைக் கூட்டலாம். அவசரத்துக்கு, ரெசினை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட்டை அளவுக்கு மேல் ஊற்றி, முழுதாக இறுகும் முன் அச்சிலிருந்து பிடுங்கலாம். உருளை போடும் நேரத்தை மிச்சம் பிடிக்கலாம். பின்பலகைக்குள் வைக்கிற பிளைவுட்டின் ஓரத்தை ரெசினால் மூடாமல் விடலாம். தண்ணீர் இறங்கி அது உள்ளேயே மட்கும், வெளியே ஒன்றும் தெரியாது. இவற்றில் பலவற்றுக்குப் பேராசைகூடக் காரணமாக இருக்காது. ஈரக் காற்று வீசும் கடற்கரையில், கூரை சரியில்லாத கொட்டகையில், அளவுக் குவளை இல்லாமல் வேலை செய்தாலே இத்தனையும் நடக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு சின்னக் கணக்கும் ஒரு சின்னத் துண்டும் போதும்.

கணக்கு இது. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு போட்டு, ரெசின் சரியான அளவில் ஊறினால், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பருமன் வரும். கண்ணாடி இழை நூற்றுக்கு முப்பது, மீதி ரெசின். அப்படியானால் அடிப்பாகம் ஐந்து மில்லிமீட்டர் என்று பட்டறைக்காரர் சொன்னால், அதற்குள் ஏறக்குறைய ஐந்து அடுக்கு இருந்தாக வேண்டும். ஒரு சதுர மீட்டர் ஏழரைக் கிலோ இருக்க வேண்டும். ரோவிங் கலந்திருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும், இழையின் பங்கு இன்னும் கூடும்.

துண்டு எங்கே கிடைக்கும்? எந்தப் படகிலும் ஓட்டை போடாமல் வேலை முடியாது. தண்ணீர் வடிகால், இன்ஜின் தண்டு என்று துளை ரம்பத்தால் அறுத்த சில்லுகள் பட்டறைத் தரையில் கிடக்கும். அந்தச் சில்லு ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். விளிம்பில் வரி வரியாக அடுக்குகள் தெரியும். நடுவில் ஊசிமுனை போன்ற ஓட்டைகள் இருந்தால் குமிழி வெளியேறவில்லை. வெள்ளைத் திட்டு இருந்தால் அங்கே ரெசின் ஊறாமல் இழை வறண்டு கிடக்கிறது. வார்த்துச் சில வாரங்கள் ஆன பிறகும் மூக்கைத் துளைக்கிற நெடி அடித்தால் ரெசின் இன்னும் இறுகவில்லை. பிறகு பத்து கிராம் எடையுள்ள துண்டை, ஜெல்கோட்டைச் சுரண்டிவிட்டு, இரும்புச் சட்டியில் போட்டுத் திறந்த வெளியில் கரி நெருப்பில் எரிக்கலாம். புகை நச்சு, காற்று வரும் பக்கம் நிற்க வேண்டும். ரெசின் எரிந்து போகும், கண்ணாடி இழை எரியாமல் நிற்கும். ஆறியதும் அடுக்குகளை வெங்காயத் தோல்போல ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணலாம். மிஞ்சிய இழை மூன்று கிராம் இருந்தால் நல்லது. இரண்டு கிராம்தான் என்றால் ரெசினைத்தான் விலை கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். இழைக்கு நடுவே வெள்ளைத் தூள் கொட்டினால் அது கலப்படம். பருமன், எடை இரண்டையும் சுண்ணாம்புத் தூளால் ஏமாற்ற முடியும். இந்தச் சட்டியை ஏமாற்ற முடியாது.

துண்டு கிடைக்காத பழைய படகு என்றால் நாணயத்தால் தட்டிக்கொண்டே போக வேண்டும். ஒலி சீராக, கணீரென்று வந்துகொண்டிருந்து ஓரிடத்தில் மந்தமாகிவிட்டால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கிறது. நட்சத்திரம்போல விரிசல் இருக்கிறதா என்று குறுக்குப் பலகைகள் சேரும் இடங்களில் பார்க்க வேண்டும். அடிப்பாகத்தைக் குதிகாலால் அழுத்தும்போது தொப்பென்று அமுங்கி எழுந்தால் அந்தப் படகு அலையில் தினமும் அப்படித்தான் வளையும். வளைந்து வளைந்து ஒரு நாள் கிழியும்.

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு மூடு தளமில்லாத ஃபைபர் படகு கட்டுவது எப்படி என்று 2009-ல் ஒரு முழு நூலே வெளியிட்டது; அதன் நுட்ப ஏட்டு வரிசையில் 507-வது. அச்சு மெழுகிலிருந்து அடுக்கு அட்டவணை வரை படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். அது நல்ல தமிழில் ஒவ்வொரு கரையோரப் பட்டறையிலும் மீனவர் சங்கத்திலும் இருக்க வேண்டிய நூல்.

நன்றாகக் கட்டிய படகு எல்லாம் கடலுக்கு ஏற்ற படகாகிவிடாது. இது இரண்டாவது சோதனை, பலரும் மறக்கிற சோதனை. சுவர் இரும்பாக இருந்தாலும் நிலைப்பு இல்லையென்றால் கவிழும். கரையோரம் ஆழமில்லாத தண்ணீரில் படகை இறக்கி, அதில் போகப்போகிற ஆட்கள் எல்லாரையும் ஒரே விளிம்போரம் நிற்க வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் விளிம்பு தண்ணீருக்கு மேல் தாராளமாக நிற்க வேண்டும். படகை ஆட்டிவிட்டால் அது சுறுசுறுப்பாகத் திரும்பி நிமிர வேண்டும். சாய்ந்த பக்கமே தயங்கி, மெதுவாக, மனமில்லாததுபோல நிமிர்கிற படகு எச்சரிக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது, படகு முழுதும் தண்ணீர் நிரப்பிப் பார்ப்பது. கட்டுமரத்துக்கு இந்தச் சோதனை பிறவியிலேயே முடிந்த ஒன்று. ஃபைபர் படகு அப்படியல்ல. கண்ணாடி இழைச் சுவர் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனமானது. 100 கிலோ ஃபைபர் தண்ணீருக்குள்ளும் 33 கிலோவாகக் கீழே இழுக்கும், இன்ஜின் இரும்பு அதற்கு மேலும் இழுக்கும். அந்த இழுப்பையும் ஆட்களின் பாரத்தையும் தாங்குகிற அளவுக்கு மிதவை நுரையை மூடிய அறைகளில் அடைத்திருந்தால்தான் படகு நிரம்பினாலும் மேலே நிற்கும். உடைந்த தெர்மோகோல் துண்டுகளைக் கொட்டி மூடியிருந்தால் நடுவில் இடைவெளி இருக்கும். சுவர் கசிந்தால் அந்த இடத்தில் தண்ணீர்தான் இருக்கும். பழைய கட்டுமரம் தந்த பாதுகாப்பில் நாம் இழந்த பெரிய பங்கு இதுதான், அதைத் திரும்பப் பெற ஆகும் செலவோ மிகக் குறைவு. இதில் மிச்சம் பிடிக்கிற பட்டறையை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

திண்டுக்கல் சமவெளிக்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. தேனி வழியாகக் குமுளிக்குப் போய்த் தேக்கடி ஏரியில் படகு ஏறாத குடும்பங்கள் இங்கே குறைவு. 2009 செப்டம்பர் 30 அன்று அதே ஏரியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்கு ஃபைபர் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். சேவைக்கு வந்து சில வாரங்களே ஆன படகு. சுவர் உடையவில்லை, புயல் அடிக்கவில்லை. மேல்தளத்தில் ஆட்கள் ஏறினால் பாரம் மேலே போகும். அவர்கள் ஒரு பக்கம் திரும்பினால் படகும் திரும்பும். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேரைப் பலிகொண்ட படகு, மீன்பிடிக்கக் கட்டியதைச் சுற்றுலாவுக்கு மாற்றியது. மீனை அடியில் ஏற்றக் கட்டிய உடலில் மனிதர்களை மேலே ஏற்றினார்கள். புது வண்ணமும் இருக்கைகளும் பார்த்து ஏறியவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

மலிவான படகையும் சோதித்துச் சான்றோடு கொடுக்க முடியும் என்பதற்குச் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடங்களில் குழந்தைகள் பாய் ஓட்டக் கற்றுக்கொள்கிற ஆப்டிமிஸ்ட் படகு, 1947-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக இரண்டு பிளைவுட் பலகையில் கட்டும்படி வரைந்தது. இன்று அது ஃபைபரில் உலகம் முழுதும் வார்க்கப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் அளவு எடுக்கப்படுகிறது. உடல் 35 கிலோவுக்குக் குறைந்தால் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். மிதவைப் பைகள் கட்டாயம். ஒவ்வொரு படகுக்கும் தனி எண்ணும் அளவுச் சான்றும் உண்டு. ஏரியிலும் துறைமுகத்துக்குள்ளும் விளையாடுகிற பிள்ளைகளின் எட்டடிப் படகுக்கு இவ்வளவு கவனம் எடுக்கிறோம். அது சரியானது. கரை மறையும் தூரத்துக்கு மூன்று பேரை ஏற்றிக்கொண்டு இரவில் போகிற படகுக்கு அதைவிடக் குறைந்த கவனம் எப்படிப் போதும்?

ஆகவே படகு வாங்குகிற மீனவர்களுக்கும், மானியத்தில் படகும் பரிசலும் வழங்கும் அதிகாரிகளுக்கும், நிவாரணம் என்று படகு கொடுக்க நினைக்கும் தொண்டு அமைப்புகளுக்கும், சுற்றுலாப் படகுக்கு டெண்டர் விடும் உள்ளாட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். முன்பணம் கொடுக்கும்போதே மூன்றை எழுதி வாங்குங்கள். எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எந்த எடை மேட் என்ற அட்டவணை. எத்தனை லிட்டர் மிதவை நுரை, எந்த அறையில் என்ற கணக்கு. அந்தப் படகிலிருந்தே அறுத்த சில்லு ஒன்று, அச்சிலிருந்து எடுத்த தேதியை அதன்மேல் எழுதி. கடைசித் தவணையைப் படகு தண்ணீரில் இறங்கி, ஆட்களை ஒரு பக்கம் ஏற்றிப் பார்த்து, தண்ணீர் நிரப்பியும் பார்த்த பிறகு கொடுங்கள். நல்ல பட்டறைக்காரர் எவரும் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். மறுப்பவரிடம் படகு வாங்காதீர்கள்.